குங்குமம் வைத்த கறுப்புப் பெட்டி

எங்கள் வண்டியைத் திருடிக்கொண்டு போனவர்கள், அதற்கு முன்னாலேயே அதன் அடியில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டி வைத்திருந்தார்கள். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அவர்களுடைய ஃபோனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற ஜிபிஎஸ் பெட்டி. அதற்கு நான் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் தெளித்துக் குங்குமம் வைத்தேன். கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை, அழவும் தெம்பில்லை.

தங்கச் சுரங்கம் இருந்த ஊரிகத்தில், அந்தக் காலத்தில் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் காண்ட்ராக்டில் வெல்டிங் வேலை பார்த்தவர். முதுகு பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் போனபிறகு அதை விட்டுவிட்டு, பழைய குட்டி யானை வண்டி ஒன்றை வாங்கினார். அதன் மேல் ஒரு ஜெனரேட்டரை ஏற்றி, தன் கையாலேயே போல்ட்டு போட்டு இறுக்கினார். கல்யாணம், திருவிழா, சாவு, எதுவானாலும் கரண்டை நம்ப முடியாத ஊர் இது. ஜெனரேட்டர் வாடகைக்கு வண்டி வெளியே போனால்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கும். வேறு வழி கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி கழுவுவது எங்கள் வழக்கம். மேலே அவர் துடைப்பார். கீழே குனிந்து கழுவுவது நான். அப்படி ஒரு நாள் கழுவும்போதுதான் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், கறுப்புத் துணி சுற்றின ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்தேன். கையால் தொட்டேன், அசையவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த ஆடியில் என் நாத்தனார் வந்து போயிருந்தார். வேலூர்ப் பக்கம் எந்தக் கோயிலில் எது மந்திரித்துத் தருவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர்தான் தம்பி பிழைப்புக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று கட்டு போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் கட்டு போட்டதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. யார் போட்டது, எங்கே மந்திரித்தது என்று கேட்டாலே அதன் சக்தி இறங்கிவிடும் என்பார்கள். அதனால் நான் கேட்கவில்லை. நாலு சொட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, தாயே பார்த்துக்கொள் என்று கும்பிட்டேன். ஒவ்வொரு வாரமும் அப்படியே செய்தேன். முந்தின வாரத்துக் குங்குமம் காய்ந்து போயிருக்கும், அதன் மேலேயே புதுசு வைப்பேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் குளித்துவிட்டு அதே வண்டியில் நந்திதுர்க் அம்மன் கோயிலுக்குப் போவோம். கோயில் சந்தில் வண்டி நுழையாது. சுரங்கத்துக் கழிவு மண் மலையாகக் குவிந்த சைனைட் மேட்டு ஓரம் காலி இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போவோம். அவர் வண்டிச் சாவியைத் தட்டில் வைத்துக் கொடுப்பார். அர்ச்சனை முடியும்வரை சாவி அம்மன் காலடியில் இருக்கும். அபிஷேகம், அலங்காரம், தீபாராதனை என்று எல்லாம் முடிந்துதான் வெளியே வருவோம். மற்ற நாளில் வண்டி வீட்டு வாசலில் நிற்கும். லைன் வீட்டு வாசலில் யாராவது ஒருவர் உட்கார்ந்துகொண்டே இருப்பார்கள், அங்கே வந்து எவனும் கை வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான் அந்த வண்டியை யாரும் பார்க்காத நேரம்.

அது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அன்றைக்குப் பூசாரி கொடுத்த சாவியை, அதில் ஒட்டியிருந்த மல்லிகைப்பூவோடு கையில் பிடித்தபடி அவர் முன்னால் நடந்தார். நான் பிரசாதத்தோடு பின்னால் போனேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. மேட்டு ஓரம் வெறும் டயர் தடம்தான் கிடந்தது. அவர் வேறு இடத்தில் நிறுத்தி மறந்துவிட்டவர் மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து பார்த்தார். பிறகு என் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். போவதும் பெஞ்சில் உட்காருவதும் திரும்பி வருவதுமாக இருந்தோம். பேசி வைத்திருந்த கல்யாணங்களுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் ஒவ்வொருவருக்காக ஃபோன் செய்வதை அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரே பேச்சை எத்தனை தடவைதான் ஒரு மனுஷன் சொல்லுவார்?

எதிர் வீட்டு அம்மாள் குழாயடியில் ஒரு நாள் கேட்டார், "வாரம் தவறாம போறீங்களே, உங்க வண்டிய அம்மன் பாத்துக்கலியா?"

நான் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினேன். எங்கள் வாசலில் இருந்த என் வீட்டுக்காரர்தான் சொன்னார், "அம்மன் இன்னா வாட்ச்மேனாம்மா? அதுக்கு ஆயிரம் வேல கீது."

அந்த அம்மாளே சிரித்துவிட்டார். உள்ளே வந்தபிறகு இவர் சிரிக்கவில்லை.

பூதிகோட்டைப் பக்கம் ஒரு தைலமரத் தோப்பில் வண்டி கிடக்கிறது என்று ஸ்டேஷனில் இருந்து கூப்பிட்டார்கள். பஸ் பிடித்துப் போனோம். வண்டி இருந்தது, ஆனால் வெறும் கூடாகத்தான் இருந்தது. ஜெனரேட்டர் இல்லை, பேட்டரி இல்லை, சக்கரங்களும் இல்லை. அவர் இறுக்கிய போல்ட்டுகளை அறுத்து எடுத்திருந்தார்கள். அறுத்த இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கூட வந்த போலீஸ்காரர் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது? இங்க எதுக்குக் குங்குமம்?"

குனிந்து பார்த்தேன். பெட்டியைக் காணோம். அது ஒட்டியிருந்த இடம் மட்டும் சதுரமாகச் சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றிலும் என் குங்குமம் வாரக்கணக்கில் வழிந்து காய்ந்து, கோலம் போட்டது மாதிரி நின்றது.

"அங்க ஒரு கட்டு இருந்தது சார்" என்றேன்.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீ போட்ட கட்டுதானே அது?"

"நானா? உங்க அக்கா போட்டதுன்னு இல்ல நான் நெனச்சிகினு இருந்தேன்."

"அக்காவா? பஞ்சர் கடைல ஸ்டெப்னி கழட்டறப்போ பாத்தேன். குங்குமம் இருந்திச்சி. நீ எங்கியோ மந்திரிச்சி வச்சிகீறேன்னு நெனச்சேன். கடக்காரன் இன்னா இதுன்னு கை வைக்கப் போனான். சாமி விஷயம், தொடாதேன்னு நான்தான் சொன்னேன்."

போலீஸ்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். உள்ளே காந்தம் இருக்குமாம், இரும்பில் வைத்தால் பிடித்துக்கொள்ளுமாம். எந்த நாள், எந்த நேரம், எங்கே தனியாக நிற்கிறது என்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்து வைத்துக்கொள்வார்களாம். போகும்போது பெட்டியையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். ஒரு டிராக்டரும் இப்படித்தான் போனதாம். "கேட்டிருக்கலாமே அம்மா, ஒருத்தரை ஒருத்தர்" என்றார். அவர் குரலில் கோபமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்க எழுந்திருக்கும்போது, "நல்லா இருக்கணும்னுதானே வச்சே" என்றார்.

ஜெனரேட்டர் கிடைக்கவே இல்லை. பழைய சக்கரம், பழைய பேட்டரி போட்டு வண்டியை ஓட விட்டிருக்கிறோம். இப்போது அவர் பூதிகோட்டையில் இருந்து தக்காளிக் கூடை ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போகிறார். முதுகு வலிக்கு ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கழுவும்போது அடியில் கை விட்டுத் தடவி, "ஒண்ணும் இல்லீங்க" என்று சத்தமாகச் சொல்கிறேன். அவரும் "சரி" என்கிறார்.

கோயிலுக்குப் போவதை விடவில்லை. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போவதில்லை. ஒரு வாரம் அவர் வண்டியில் உட்காருவார், ஒரு வாரம் நான். கல்யாணம் ஆன நாளில் இருந்து அம்மன் எதிரில் அவர் பக்கத்தில் நின்றே பழகியவள் நான். தனியாக நின்றால் யாரையோ வெளியே விட்டுவிட்டு வந்தது போலவே இருக்கிறது.

இந்த வாரம் வெளியே உட்காருவது என் முறை. தீபாராதனை மணி இங்கே நன்றாகக் கேட்கும். சீட்டில் உட்கார்ந்தபடியே கை கூப்பிக்கொள்வேன். கண்ணை மட்டும் மூட மாட்டேன்.