மேஸ்திரி இல்லாமல் வரிசையில் நிற்கும் சர்க்கரை வளையங்கள்

போன வெள்ளிக்கிழமை என் மனைவி ஷர்மிளாவுக்கு பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாமாம். சேலையூரில் இருக்கும் என் டைல்ஸ் கடைக்கு லீவு விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அவள் விடியும்போதே போய்விட்டாள். நான் முடிச்சூரிலிருந்து தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். முப்பது ரூபாய்.

"இன்னா சார், ஃபுல் ஷர்ட்டு? கல்யாணமா?" என்றார் டிரைவர்.

"வீட்டுக்காரம்மாவுக்குப் பரீட்சை. சர்க்கரை வளையத்தைப் பத்தி."

"சுகர் டாக்டரா? எங்க அம்மாவுக்கு சுகர் கீது சார்."

அந்த டாக்டர் இல்லை என்று தெரியும். எந்த டாக்டர் என்று சொல்லத் தெரியவில்லை.

தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ் ஏறினேன். வண்டலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பல்கலைக்கழகம். ஹாலில் கடைசி வரிசையில் இடம் கிடைத்தது.

ஷர்மிளா திரையில் படம் காட்டிச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மாவுச்சத்திலிருந்து எடுத்த சர்க்கரை வளையங்கள், நடுவில் ஓட்டை. ஒரு பக்கம் எண்ணெய் மாதிரியான வால்களை இவள் ஒட்டுகிறாள். ஆல்கஹாலில் கரைத்துத் தண்ணீரில் சொட்டுவிட்டால் லேசான நீலப் பால் மாதிரி ஆகிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள். மைக்ராஸ்கோப் படத்தில் அவற்றுக்குள் கோடு கோடாக, நூல் பிடித்து டைல்ஸ் பதித்தது போல அவ்வளவு ஒழுங்கு. எனக்குத் தலை சுற்றியது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஏதோ கேட்டார். ஷர்மிளா ஆரம்பித்தாள், நிறுத்தினாள், "சாரி சார்" என்றாள். திரையில் படத்தை முன்னும் பின்னும் தள்ளினாள்.

"பார்வையாளர்கள் யாராவது கேட்கிறீங்களா?" என்றார் அவளுடைய பேராசிரியர். சூழ்நிலையை மாற்றத்தான் கேட்டார் போல. ஏன் கை தூக்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"மேடம், இதையெல்லாம் இவ்ளோ நேரா அடுக்குற மேஸ்திரி யாரு?"

ஹாலே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். பிறகு தமிழில் சொன்னாள்:

"மேஸ்திரியே இல்ல சார். வாலுக்குத் தண்ணி ஆகாது. அதனால வாலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வளையத்துக்குத் தண்ணி பிடிக்கும். அது தண்ணியப் பார்த்து நிக்கும். ரெண்டுக்கும் சௌகரியமா நிக்கணும்னா, இப்படி வரிசையா நின்னாதான் முடியும்."

சொல்லிவிட்டுத் தேர்வாளர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் மளமளவென்று பேசினாள். ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. அவர் தலையாட்டினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

இந்த மாதிரி தேர்வைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஸ்டாப்பிங்கை கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேன்டீனில் லெமன் சாதம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. புரியாவிட்டால் கேட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

"டாக்டர்" என்று அவளை அறிவித்த பிறகு பஸ் ஸ்டாப்பில் கேட்டாள்: "நிஜமா புரிஞ்சுதா?"

"வால் புரிஞ்சுது. அந்த ஓட்டை எதுக்கு?"

"மருந்த உள்ள வெச்சு அனுப்பலாம்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். எங்கள் கண் முன்னாலேயே இரண்டு தாம்பரம் பஸ் போய்விட்டது.