காலையில் யாரும் போகாத ஊர்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் ஒரு வாலிபர் ஒரே ஒரு கேள்வி கேட்டு, அங்கே நின்றவர்களை எல்லாம் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்.

அடிதடி இல்லை. அதட்டல் இல்லை. மிகவும் மரியாதையான வாலிபர். கையில் ஒரு அட்டை, அட்டையில் அச்சடித்த பாரம், காதில் பென்சில். ஏழு மணி பஸ்ஸுக்காக நின்ற கோலப்ப பிள்ளையிடம் வந்து, வணக்கம் சொல்லி, பாரத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் படித்தார் —

"எங்கே போகிறீர்கள்?"

கோலப்ப பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கினார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

அடுத்து நின்றவர் மளிகைக் கடைக்காரர். சரக்கெடுக்கப் போகிறவர். அதே வணக்கம், அதே கேள்வி. அவரும் நடந்தார். மூன்றாவது ஆளிடம் போவதற்குள் மற்றவர்கள் தாமாகவே கலைந்துவிட்டார்கள். எதிரே டீக்கடையில், பஸ்ஸில் வரும் பத்திரிகைக் கட்டுக்காகக் காத்திருந்த நான், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புறப்பட்டு நிற்கிற ஆளிடம் "எங்கே" என்று கேட்டால் போகிற காரியம் உருப்படாது. இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? கேட்டுவிட்டால் வீட்டுக்குத் திரும்பி, சற்று உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். அடுத்த தெருவுக்குப் போகிறவனும் "ஆமா, கொஞ்சம் தூரம்தான்" என்பான். கேட்டவனுக்கும் திருப்தி, சொன்னவனுக்கும் திருப்தி. யாருக்கும் ஒரு தகவலும் கிடைக்காது.

அன்று பஸ் வந்தபோது ஸ்டாப்பில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள் — கோலப்ப பிள்ளையின் மகள் சிவகாமி. நாகர்கோயிலில் ஆசிரியர் டிரெயினிங் படிக்கிறாள். கேள்விக்குப் பதிலும் சொன்னாள். அவளுக்கு இந்த நம்பிக்கையெல்லாம் இல்லையா? உண்டு. ஆனால் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் பஸ் போய்விடும்.

இந்த பஸ் எங்கள் ஊருக்கு வந்ததே ஒரு பரீட்சையாகத்தான். சுசீந்திரத்திலிருந்து வயலுக்குள் இரண்டு மைல் தள்ளி இருக்கிற ஊர் எங்களுடையது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை. ஆள் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு, வைத்துக்கொள்வதா எடுத்துவிடுவதா என்று, எங்கள் பஸ்களுக்குத் தலைமை ஆபீஸ் இருக்கிற திருவனந்தபுரத்தில் முடிவு செய்வார்கள். அதற்குத்தான் சர்வே.

கோலப்ப பிள்ளையும் ஒரு முடிவு செய்து வைத்திருந்தார். ஊருக்குள் பஸ் வருகிற வரைக்கும் மகள் படிக்கலாம். வயற்கரை வழியே தனியாக நடந்துபோய்ப் படிக்க வேண்டாம். பூதப்பாண்டிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டார் ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஆக, பஸ் நின்றால் படிப்பு நிற்கும். படிப்பு நின்றால் தை மாதம் கல்யாணம். இதை மறைத்துச் சொல்லும் வழக்கம் கோலப்ப பிள்ளையிடம் இல்லை. ஊருக்கே தெரியும்.

பஸ் போன பிறகு அந்த வாலிபரைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். பெயர் தங்கராஜ். களியக்காவிளைக்காரர்.

"ஏன் தம்பி, கேட்கக்கூடாத கேள்வி என்று உங்களுக்குத் தெரியாதா?"

"அறியாம் அண்ணாச்சி, நல்லா தெரியும். எங்க வீட்டிலயும் ஆரும் கேக்கமாட்டினும். பாரத்தில அப்படித்தான் அடிச்சிருக்கு."

"கொஞ்சம் மாற்றிக் கேட்டால் என்ன?"

"ஒரு எழுத்து மாத்தப்பிடாதுன்னு டிரெயினிங்கில சொல்லியிருக்கு. ஒவ்வொருத்தன் ஒவ்வொரு மாதிரி கேட்டா, பதில் எல்லாத்தையும் எப்படிக் கூட்டுவாங்க?"

யோசித்துப் பார்த்தேன். சொல்வது சரிதான். அவரும் சரி, அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் சரி, திரும்பிப் போனவர்களும் சரி. எல்லாரும் சரியாக இருந்தால் எந்தக் காரியம்தான் நடந்திருக்கிறது?

செவ்வாய்க்கிழமை முதல் ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது. குளத்தங்கரை வழியாகச் சுற்றிப்போய் அடுத்த ஊர் ஸ்டாப்பில் ஏறத் தொடங்கினார்கள். பஸ் அதே பஸ். ஆட்களும் அதே ஆட்கள். ஏறுகிற இடம்தான் வேறு. கோலப்ப பிள்ளைக்கும் அந்த வழிதான். தோப்பு வழக்குக்காக வக்கீலைப் பார்க்கப் போகிற மனிதர், சகுனத்தில் வம்பு வைத்துக்கொள்வாரா? எங்கள் ஸ்டாப்பில் சிவகாமியும் தங்கராஜும் மட்டும். அவர் கேட்க, அவள் சொல்ல, அவர் எழுத... தினமும் ஒரே பதில்.

நாலாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் சார், போற ஆளுகிட்ட கேட்டா ஆரு சொல்லுவா? இப்படியே போனா இந்த ஊர்ல நான் ஒருத்திதான் குடியிருக்கேன்னு திருவனந்தபுரத்தில நினைச்சிருவாங்க. சாயங்காலம் வந்து இறங்கும்போ கேளுங்க. எங்க போய்ட்டு வாறியன்னு கேட்டா ஒரு தப்பும் இல்ல."

தங்கராஜ் பாரத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம், அடியில், பொடி எழுத்தில் இருந்தது — வந்து இறங்குபவர்களிடமும் விவரம் சேகரிக்கலாம். அவர் முகத்தில் அன்றுதான் நான் சிரிப்பைப் பார்த்தேன்.

சாயங்காலம் கேட்டார். கேட்கவா வேண்டும்? காலையில் ஊமையாக இருந்த ஊர் மாலையில் வாய் திறந்தால் மூடாது. ஒருவர் வடசேரிச் சந்தையில் கத்தரிக்காய் விலை என்ன என்று சொன்னார். ஒருவர் தாம் போன கல்யாணத்தில் முதல் பந்தி முதல் கடைசிப் பந்தி வரை விவரித்துவிட்டு, பிரதமன் பாயசத்தில் தேங்காய்ப்பால் போதவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். பயண நோக்கம் என்ன என்று கேட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் ஒரே பதில்.

"சும்மாத்தான்."

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரும் சும்மாத்தான். பத்திரம் பதிந்து வந்தவரும் சும்மாத்தான். எங்கள் மாவட்டத்தில் எவனும் ஒரு காரியமாக வெளியே போனதாக ஒப்புக்கொள்ள மாட்டான். பாரத்தில் தொழில், கல்வி, வைத்தியம், வழிபாடு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சும்மாவுக்கு இல்லை. ஊர் மொத்தமும் 'மற்றவை'யில் போய்ச் சேர்ந்தது.

போகட்டும், ஆள் கணக்காவது கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம். தங்கராஜ் கட்டுக் கட்டாகப் பாரத்தை எடுத்துக்கொண்டு போனார். சில நாளில் டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ஆய்வின் முடிவுப்படி இந்த ஊரிலிருந்து காலையில் ஒருவரைத் தவிரப் பயணிகள் இல்லை. ஆகவே காலை ஏழு மணி சர்வீஸ் அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும். மாலையில் வந்து இறங்குகிற பயணிகள் மிக அதிகம். ஆகவே மாலையில் கூடுதலாக ஒரு சர்வீஸ் விடப்படும்.

சிவகாமி படித்தாள். "மாமா, நீங்க ஒருக்கா படியுங்க" என்றாள். நான் சத்தமாகப் படித்தேன். சத்தமாகப் படித்தாலும் அதேதான் இருந்தது. அவள் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நானும் கோலப்ப பிள்ளையும் நாகர்கோயில் ஆபீசுக்குப் போனோம். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்க பிள்ளைக்க காரியம்லா வேய்" என்றார், அவ்வளவுதான்.

அதிகாரி நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்து, கணக்கை எடுத்துக் காட்டினார். கூட்டலில் ஒரு பிழை இல்லை.

"சார், காலையில் போகாதவர்கள் மாலையில் எங்கிருந்து திரும்பி வருகிறார்கள்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு யோசித்தார். "நல்ல கேள்வி. ஆனால் பாரத்தில் அது இல்லையே."

கோபப்பட்டு என்ன பிரயோஜனம்? குளத்தங்கரை வழி, தண்ணீர் குடிக்கிற வழக்கம் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். நம்பினார் என்றே நினைக்கிறேன். ஆனால் நம்பிக்கையைக் கூட்ட முடியாதல்லவா? கடைசியில் ஒரு சலுகை தந்தார். ஒரு காலை, ஒரே ஒரு காலை, மறுபடி தங்கராஜை அனுப்புவார். அதே பாரம், அதே கேள்வி. ஆள் ஏறிப் பதில் சொன்னால் நோட்டீஸை எடுத்துவிடலாம்.

"வருகிற புதன்கிழமை."

கோலப்ப பிள்ளை நிமிர்ந்தார். "புதன் வேண்டாம் ஸார். வியாழன் ஆகாதா?"

"வியாழன் முதல் அவருக்கு வேறு ஊர்."

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை அவருடைய தென்னந்தோப்பு வழக்கில் தீர்ப்பு. பங்காளியோடு வரப்புத் தகராறு. சிவகாமி பாவாடை கட்டிய காலத்தில் தொடங்கியது. அந்த வழக்குக்காக அவர் பூனையைப் பார்த்து நின்றிருக்கிறார், ஒற்றைத் தும்மலுக்கு உட்கார்ந்திருக்கிறார். வாய்தா நாளில் அவர் வீட்டில் பல்லி சத்தம் போடக்கூடப் பயப்படும்.

புதன் காலை. கோலப்ப பிள்ளை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்ததால் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆனால் ஸ்டாப்பில் இல்லை. டீக்கடை ஓரம், ஓடைக் கலுங்குச் சுவர், மரத்தடி என்று நின்றார்கள். முதலில் யார் கேள்விக்குள் போய் விழுவது? எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள்.

கோலப்ப பிள்ளை, வெள்ளை வேட்டியும் விபூதியுமாக, மகளோடு நேரே ஸ்டாப்புக்கு வந்து நின்றார்.

தங்கராஜ் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கிவிட்டது. "அண்ணாச்சி... கேக்கட்டா?"

"கேளு மக்கா."

"எங்கே போகிறீர்கள்?"

"நாரோயிலுக்கு. கோர்ட்டுக்கு. எனக்க கேஸ்ல இண்ணைக்குத் தீர்ப்பு." ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "என்ன பாக்க? எழுதிக்கோ. சும்மா ஒண்ணும் போகல்ல."

சிவகாமி அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு மளிகைக் கடைக்காரர் வந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் வந்தார்கள். தங்கராஜுக்கு எழுதிக் கை வலித்திருக்கும். அன்று பஸ்ஸில் நிற்க இடமில்லை. நானும் ஏறினேன் — கணக்குக்கு ஒரு ஆள் கூடுமே என்று.

கோர்ட்டில் கோலப்ப பிள்ளை தோற்றுப்போனார். தோப்பின் தெற்கு ஓரம் முழுவதும் பங்காளிக்கு.

சாயங்கால பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வந்தேன். என்ன சொல்வது? "எதிர்க்கட்சி வக்கீல் கெட்டிக்காரர். காலையில் கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உமக்கு அப்படி. எனக்கு அப்படி இல்ல வேய். பதில் சொன்னா தோக்கும்னு அறிஞ்சேதான் சொன்னேன். தோப்பு போனா போட்டும். பிள்ளைக்கு பஸ் வேணும்லா."

சுசீந்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கி அவருக்கு ஒரு டீ வாங்கி வந்தேன்.

இந்த விவரம் எந்தப் பாரத்திலும் ஏறவில்லை. அதற்குக் கேள்வியும் இல்லை, கட்டமும் இல்லை. காலை ஏழு மணி சர்வீஸ் தொடரும் என்று மட்டும் புது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். சிவகாமி அதில் தினமும் போகிறாள்.

கோலப்ப பிள்ளையும் அதில்தான் போகிறார் — அப்பீலுக்கு.