லண்டன் துப்பாக்கி

எங்கள் வீட்டு இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு லண்டன் துப்பாக்கி என்று பெயர் வைத்தவர் அப்பா. குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் ஆங்கிலத்தில் லண்டன் என்று பொறித்திருக்கும். மற்ற எழுத்தெல்லாம் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனத்துக்கு அடியில். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுத்தான் பொட்டு வைப்பார். முசிறியில் காட்டுப்பன்றி விரட்ட வாங்கிய துப்பாக்கிக்கு இத்தனை ஜம்பமா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தத் துப்பாக்கியால்தான் அண்ணன் செத்தான். விடியற்காலையில் வாழைத் தோப்புக் காவலுக்கு அப்பா அனுப்பியவன், வரப்போரம் நெஞ்சில் சூடு பட்டுக் கிடந்தான். போலீஸ் விபத்து என்று எழுதியது. அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. தனிக்குடித்தனம் போவது பற்றி அண்ணனுக்கும் அண்ணிக்கும் முதல் நாள் சண்டை நடந்திருந்தது.

"லண்டன் துப்பாக்கி தானா வெடிக்காது. அவ பேசுன பேச்சுலதான் அவன் சுட்டுக்கிட்டான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அடுத்த சில மாதங்களில் அண்ணியை வீட்டை விட்டு அனுப்பினார். வடக்கே வேலையில் இருந்த எனக்கு எல்லாம் போனில்தான் தெரிந்தது. ஊரைப் பொறுத்தவரை இன்றைக்கும் அண்ணி புருஷனைக் கொன்றவர்.

அதற்குச் சற்று முன்புதான் வழக்கு முடிந்து துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பியிருந்தது. பூஜையும் நிற்கவில்லை. மகனைக் கொன்ற இரும்புக்குக் குங்குமம் வைக்க எப்படித்தான் கை வந்ததோ. ஒரே ஒரு மாற்றம். முன்பெல்லாம் சுவரில் சாய்த்து வைப்பவர், இப்போது மடித்த போர்வை மேல் அதைப் படுக்க வைத்தார். யாரையும் தொட விடவில்லை. துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததால், இப்போது ஸ்ரீரங்கத்துக்கே குடிவந்துவிட்ட நான் துப்பாக்கியைத் திருச்சியில் ஒரு ஆயுதக் கடையில் ஒப்படைத்தேன். எந்த நாடு, எந்தக் கம்பெனி என்று பார்ப்பதற்காகக் கடைக்காரர் மண்ணெண்ணெய்த் துணியால் சந்தனத்தைத் துடைத்தார். குழல்களைக் கழற்றித் திருப்பினார். அடிப்பக்கத்தில் முட்டை வடிவத்தில் ஒரு சின்ன முத்திரை.

"இது பெல்ஜியம் முத்திரை சார். லண்டன்னு போட்டிருக்கறது செஞ்ச ஊர் இல்ல, குழல் இரும்போட ரகத்துக்குப் பேரு. அந்தப் பேருக்கு இங்க மவுசு இருந்துச்சு, பொறிச்சு அனுப்பிட்டாங்க. மலிவுச் சரக்கு. செஞ்சவன் பேரே கிடையாது."

மறுபடி பூட்டி, தோட்டா இல்லாத துப்பாக்கியின் குதிரையை, தோட்டாவை அடிக்கும் அந்தச் சின்னச் சுத்தியலை, பின்னால் இழுத்து நிறுத்தினார். விசையைத் தொடாமல், கட்டையின் அடிப்பக்கத்தை மேஜை மேல் லேசாகத் தட்டினார். குதிரை படக்கென்று விழுந்தது.

"குதிரையைப் பிடிச்சு நிறுத்தற கொக்கி உள்ள தேஞ்சிருக்கு சார். ரொம்ப நாளாவே இப்படித்தான் இருந்திருக்கும். இதைத் தூக்கிட்டா காவலுக்குப் போனீங்க?"

அங்கிருந்து நேராகப் பாலக்கரைக்குப் போனேன். அண்ணி தன் தம்பி வீட்டு மாடியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். கடையில் நடந்ததைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். நூலை அறுத்து, துணியை மடித்து வைத்தார்.

"அந்தக் குதிரை நிக்கலன்னு உங்க அண்ணனே சொல்லிட்டிருந்தாரு தம்பி. மாமாகிட்ட நானும் சொன்னேன். போலீஸ்ல இருந்து துப்பாக்கி திரும்பி வந்த அன்னைக்கு முற்றத்துல வச்சுத் தட்டிப் பார்த்தாரு. விழுந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். உடனே உள்ள எடுத்துட்டுப் போயிட்டாரு. மறு வாரம் என்னை அனுப்பிட்டாரு."

அந்தப் போர்வை ஞாபகம் வந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. துப்பாக்கி மேல் தப்பு என்றால் அதைக் கொடுத்து அனுப்பியவர் மேல்தான் பழி வரும். அதை அண்ணி தலையில் கட்டிவிட்டு இத்தனை வருஷம் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறார். கொள்ளி வைத்த என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"அந்தத் துப்பாக்கியை என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார் அண்ணி.

"கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அறுத்துடலாம்னு இருக்கேன் அண்ணி."

"அறுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை முசிறிக்குக் கொண்டு போயி, நம்ம தெருவுல நாலு பேரு முன்னாடி தட்டிக் காட்டுங்க தம்பி. நானும் வரேன்."