அப்பாவின் கயிறு மாமாவின் கையில்

மாமா இறந்து முப்பதாம் நாளான இன்று, கோயிலில் நடக்கும் மாதப் பூசைக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும், அவருடைய தங்கை மகனான நான் ஆண்டு மாதம் பிசகாமல் எழுத முயன்றது இது.

மாமா 1898இல் மணப்பாட்டில் பிறந்தார். பிழைப்புக்காகத் தூத்துக்குடி வந்து, சர்க்காருக்குச் சங்கு குளிக்கும் வள்ளங்களில் கயிறு பிடித்தார். என் அப்பா கடலுக்குள் இறங்குவார். மேலே வள்ளத்தில், அவரை இழுத்தெடுக்கும் கயிறு மாமாவின் கையில் இருக்கும்.

1942 பங்குனியில், பருவம் முடியுமுன்பே அப்பா காய்ச்சலில் இறந்தார். வைத்தியச் செலவுக்கு எங்கள் வள்ளம் அடகுக்குப் போனது. அப்பா குளித்த சங்குக்குச் சர்க்கார் தரவேண்டிய பணத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஆளோடு கணக்கும் போச்சு என்பதுதான் கரையில் எல்லாருடைய நம்பிக்கையும்.

1944 மாசியில் கடற்கரையில் தண்டோரா போட்டார்கள். வாரிசு வராத பணம் பங்குனியோடு சர்க்காருக்கே சேரும் என்று பெயர்களை வாசித்தார்கள். அதில் அப்பாவின் பெயரும் இருந்தது. மாமா கையிலிருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவிடம் ஓடிவந்தார்.

"ஏளா, பொறப்படு! மச்சான் இன்னும் நமக்குச் சம்பாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கான்!"

அடகின் கெடுவும் பங்குனிதான். அதற்குள் பணம் வராவிட்டால் வள்ளம் கைவிட்டுப் போய்விடும்.

அம்மாவின் கல்யாணம் கொழும்பில் நடந்தது. போர்க்காலத்தில், கல்யாணச் சான்று கேட்டு அங்கே மாதா கோயிலுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. குளித்த சங்கைச் சர்க்கார் வாங்கிச் சேர்த்துவைக்கும் கிட்டங்கியில் இருந்த அதிகாரி நல்லவர். ஆனால் ஊருக்குப் புதியவர்.

"இந்தம்மா அவர் சம்சாரம்தான்னு எதை வச்சு நம்புறது?" என்று கேட்டார்.

"என் வார்த்தைய நம்ப வேண்டாம்யா. அவனுக்குக் கயிறு புடிச்சது யாருன்னு வெளிய கேளுங்க" என்றார் மாமா.

வாசலில் சங்கு ஒப்படைக்க நின்றவர்கள் ஒரே குரலில் மாமாவைக் காட்டினார்கள்.

"இவன்தாம்யா! வஞ்சுக்கிட்டே புடிப்பான்" என்றார் ஒருவர்.

"ஏலே, நான் எப்பம்ல வஞ்சேன்?"

"இந்தா, இப்பம் வையுதியே!"

சிரிப்பு அடங்கியதும், "கயிறு பிடிச்சா அதனால என்ன?" என்றார் அதிகாரி.

"வேற ஆளு அசந்தா அவனுக்குக் கூலிதான் போவும். மச்சான் அசந்தா கூடப்பெறந்தவ தாலி போவும். அதனால இந்தக் கரையில பொண்டாட்டி கூடப்பெறந்தவன் கையிலதான் கயிறக் குடுப்பாவ. அவன் கயிறு என் கையில இருந்துச்சு. எனக்குத் தங்கச்சி இவ ஒருத்திதான். அப்பம் இவ யாருன்னு நீங்களே சொல்லுங்கய்யா."

அதிகாரி எழுந்து வெளியே போய், பெரியவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் அதையே சொன்னார்கள். வாக்குமூலம் எழுதி மேலே அனுப்பினார். பங்குனி முடியுமுன்பே உத்தரவு வந்தது. பணத்தை மாமாவிடம் நீட்டியபோது அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தங்கச்சி கையில குடுங்கய்யா."

அன்று மாலையே வள்ளத்தை மீட்டோம். கிட்டங்கி வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரும் கூவிக்கொண்டு அதைத் தள்ளிவந்து எங்கள் கரையில் ஏற்றினார்கள். பங்குனிக் கெடு தீருமுன், மறுநாளே, கேட்பாரற்றுக் கிடந்த பணத்துக்காக வேறு இரண்டு வீட்டுப் பெண்களையும் அதே அதிகாரியிடம் மாமா கூட்டிப் போனார். அவர்களுக்கும் கிடைத்தது.

இந்த 1949 தை மாதத்தில், மாமா தூக்கத்திலேயே அமைதியாகப் பிரிந்தார். மருத்துவம் பார்த்தவர்களுக்கும், பூசை செய்த சாமியாருக்கும், மணப்பாட்டிலிருந்து வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி நன்றி மாமாவின் மனைவியான அத்தையின் தம்பிமார் இருவருக்கும். மாமாவின் பெட்டியைக் குழியில் இறக்கக் கயிற்றை எடுத்தபோது, யாரும் சொல்லாமலே கூட்டம் அவர்களுக்கு வழிவிட்டது.