மூன்றாவது விளக்கு

வாப்பா மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தமும் ஓதி முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் நல்ல மனிதர் என்றார்கள். அந்தச் சொல்லில் விவரம் ஒன்றும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரு நாளை எழுதி வைக்கிறேன்.

அவர் பெயர் கச்சு முகம்மது. முல்லைத்தீவுப் பக்கத்தில் பிறந்தவர். நாயாற்றில் கருவாடு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் யாபாரம் செய்தவர். தொண்ணூறில் இயக்கக்காரர் வடக்கிலிருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது உம்மாவையும் என்னையும் ஒரு றேடியோவையும் தூக்கிக்கொண்டு புத்தளம் போய்ச் சேர்ந்தார். அகதி முகாமில் கருவாட்டு யாபாரத்துக்கு வழியில்லை. கூரைகளில் ரீவி அன்ரெனா பூட்டுகிற ஒருவரிடம் கூலிக்குப் போனார். அந்தத் தொழில் அவரைப் பிடித்துக்கொண்டது.

சமாதானம் என்று ஒன்று வந்த பிறகு, 2003இல், வவுனியா பட்டாணிச்சூரில் ஒரு சின்னக் கடை எடுத்தார். முன்பக்கத்தில் பற்றரி, வயர், பல்பு. கூரையில் டிஷ். டிஷ்ஷிலிருந்து வேலி வழியாகவும் வேப்பமரம் வழியாகவும் சுற்றியுள்ள வீடுகளுக்கு ரீவி வயர் இழுத்தார். மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நாடகம் ஓடும். ஒரு வீட்டில் படம் நின்றால் அந்த வீட்டுப் பெண்கள் கடைக்கு வந்து வாப்பாவைத் திட்டிவிட்டுப் போவார்கள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவார்.

அன்ரெனாக்காரருக்கு ஒரு குணம் உண்டு. படம் வராவிட்டால் படம் இல்லை என்று ஒருநாளும் நினைக்கமாட்டார். சரியான பக்கம் இன்னும் திருப்பவில்லை என்றுதான் நினைப்பார். வாப்பா எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தார்.

2006இல் லண்டனில் இருக்கும் உம்மாவின் தம்பி, நாஸிம் மாமா, ஒரு பெட்டி அனுப்பினார். அதற்குள் பாவித்த கணினி ஒன்றும், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சாமான் ஒன்றும் இருந்தன. அது கேபிள் மொடெம். அங்கே வீட்டுக்கு வரும் ரீவி வயரிலேயே இன்ரநெற்றும் வரும். புதிய மொடெம் கிடைத்ததும் மாமா பழையதை எறியாமல் எடுத்து வைத்திருக்கிறார். மச்சானிடம் கேபிள் இருக்கிறது, இது கேபிள் மொடெம், இரண்டும் சேரும் என்பது அவருடைய கணக்கு.

நான் அப்போது கொழும்பில், இன்ரநெற் இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாப்பா தொலைபேசியில் கூப்பிட்டார்.

"மகள், பெட்டி கத்துது."

"எப்பிடிக் கத்துது? நீளமாவா, கட்டையாவா?"

"பொறு, நீயே கேளு." தொலைபேசியைக் கணினிக்குப் பக்கத்தில் பிடித்தார். நீளமாக, விட்டு விட்டுக் கத்தியது.

"அது ராம், வாப்பா. வழியில ஆடிக் கழண்டிருக்கும். கரண்ட கழட்டிட்டு மூடியத் திறங்கோ. விரல் நீளத்தில ஒரு பச்சைத் தகடு நிமிர்ந்து நிக்கும். ரெண்டு பக்கமும் வெள்ளைக் கிளிப். கழட்டி, பொன் கலர்ப் பக்கத்த அழிறப்பரால தேய்ச்சு, திருப்பிச் செருகுங்கோ. ரெண்டு கிளிப்பும் டக்கெண்டு பூட்டவேணும்."

பின்னால் உம்மாவின் குரல். "மீன் வெட்டின கைய முதல்ல கழுவச் சொல்லு. கொம்பியூட்டர் நாறப்போகுது."

"இவவுக்கு எல்லாம் பகிடி," என்றார் வாப்பா. கொஞ்ச நேரத்தில் கணினி ஒருமுறை கட்டையாகக் கத்திவிட்டு எழும்பியது. அவர் மூடியைத் திருப்பிப் பூட்டவே இல்லை. உள்ளே பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். ராம் என்றால் வேலை நடக்கிற மேசை, கரண்ட் போனால் மேசை வெறுமை. ஹார்ட் டிஸ்க் என்றால் அலுமாரி, வைத்தது வைத்தபடி இருக்கும். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்தது மொடெம். அதன் பின்பக்கத்தில், வயரைப் பூட்ட, நடுவில் ஊசித் துவாரத்தோடு ஒரு வட்டப் பூட்டு. அவருடைய ரீவி வயர் அதில் அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதுதான் பிழையாகிவிட்டது. முன்பக்கத்தில் விளக்குகள். முதலாவது கரண்ட். இரண்டாவது, வயரில் வருவதை எடுக்கிற விளக்கு. மூன்றாவது அனுப்புகிற விளக்கு. வாப்பா பூட்டியபோது முதலாவது நின்று எரிந்தது, இரண்டாவது மினுங்கிக்கொண்டே இருந்தது, மூன்றாவது வரவில்லை.

"அது பிடிக்காது வாப்பா."

"ஏன் பிடிக்காது? பூட்டு சரியா இரிக்கே."

"இது எடுக்கவும் வேணும், அனுப்பவும் வேணும். உங்கட வயரில டிஷ்ஷில இருந்து வீட்டுக்கு மட்டும்தான் போகும். இடையில நீங்க வெச்சிரிக்கிற அம்பிளிபயர் திரும்பி வர விடாது. அதோட அந்தப் பக்கத்தில இதோட கதைக்க ஒரு பெரிய மெசின் வேணும். வவுனியாவில அது எங்க?"

அந்த இயந்திரமும் வீட்டு மொடெமும் ஒத்துக்கொண்ட விதிமுறை ஒன்று இருக்கிறது. டொக்சிஸ் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் ஒரு மாதிரி, ஐரோப்பாவில் சற்று வேறு மாதிரி. விதிமுறை ஒத்துவராவிட்டால் வட்டப் பூட்டு பொருந்தியும் பயனில்லை. இதையும் சொன்னேன். வாப்பா ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டார். எடுக்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். கடைக்கு வந்த எல்லாருக்கும் அதைச் சொன்னார்.

ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் மொடெமைப் போட்டுவிடுவார். வயர் முனையை வெட்டிப் புதிதாகக் கட்டிப் பார்ப்பார். டிஷ்ஷை ஒரு விரலளவு திருப்பிப் பார்ப்பார். இரண்டாவது விளக்கு மினுங்கும். "ஒருநாள் நிக்கும்," என்பார்.

2008 தொடக்கத்தில் சமாதானம் காகிதத்திலும் இல்லாமல் போயிருந்தது. வவுனியாவில் ராணுவத்தின் சுற்றிவளைப்புகள் நடந்தன. பிள்ளைகள் வீடு திரும்பும்வரை தாய்மார் வாசலில் நின்றார்கள். நான் உம்மாவை ஒவ்வொரு நாளும் காலையில் கூப்பிடுவேன். அன்று உம்மா என்னை முந்திக்கொண்டார்.

"ஷமீலா, வாப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டாங்கள்."

"ஆர்?"

"செக் பண்ண வந்தவங்கள். கடைக்குப் பின்னால அந்தக் கறுப்புச் சாமான் மினுங்கிட்டு இருந்திச்சு. கொம்பியூட்டர் குடல் வெளியில தெரியக் கிடக்கு. வயர் ஒண்டு கூரைக்குப் போகுது. இது என்னெண்டு கேட்டாங்கள். இந்த மனிசன் சும்மா ரீவி எண்டு சொல்லியிருக்கக் கூடாதா? எடுக்கும், அனுப்பும் எண்டு பாடம் நடத்தினார். சாமானையும் எடுத்து, அவரையும் ஏத்திட்டாங்கள்."

வாப்பா புத்தளத்தில் சிங்களம் பழகியவர். நன்றாகவே பேசுவார். அதுதான் பயமாக இருந்தது. மொழி தெரியாதிருந்தால் அவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

எங்கே கொண்டுபோனார்கள் என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் விசாரிக்கப் போயிருந்தார். அந்த நாட்களில் அப்படிப் போன சிலர் அன்றே வந்தார்கள். சிலர் வரவில்லை.

சற்று நேரத்தில் வாப்பாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தேன். வேறொரு ஆணின் குரல், சிங்களத்தில். என் பெயர் கேட்டார். கொழும்பில் தங்கியிருக்கும் விலாசம் கேட்டார். வேலை செய்யும் இடம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அலுவலக மாடிப்படிக்கு வந்து நின்றுகொண்டேன். பக்கத்தில் யாரும் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். கேட்கக்கூடாது என்று நான் நினைப்பது யாருக்கும் தெரிந்துவிடுமோ என்றும் நினைத்தேன்.

"இந்தப் பெட்டி அனுப்பும் என்று உன் தகப்பன் சொல்கிறான். நீதான் சொல்லிக் கொடுத்தாயாம். எங்கே அனுப்புகிறது?"

சரியான பதில் ஆம் என்பது. அது அனுப்பும் சாமான்தான். இல்லை என்று சொன்னால், அவர்களிடம் விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால், பொய் பிடிபடும். ஆம் என்றால் அதோடு முடிந்தது.

"இது தானாக அனுப்பாது, சேர்," என்றேன். "மறுமுனையில் ஒரு இயந்திரம் இருக்கவேண்டும். அது முதலில் பேசவேண்டும். எந்த அலைவரிசையில், எவ்வளவு சத்தமாக, எந்த நேரத்தில் பதில் சொல்லலாம் என்று அதுதான் சொல்லும். அது கேட்கும்வரை இந்தப் பெட்டி ஒரு சொல்லும் அனுப்பாது. விதிமுறையே அப்படி. அந்த இயந்திரம் வவுனியாவில் இல்லை."

"அதை நான் எப்படி நம்புவது?"

"போட்டுப் பாருங்கள். இரண்டாவது விளக்கு மினுங்கும். அனுப்புவது மூன்றாவது விளக்கு. அது எரியவே எரியாது."

"எரிந்தால்?"

நான் பதில் சொல்லுமுன் தொடர்பு அறுந்தது.

படியில் உட்கார்ந்தேன். சொன்னது சரியா என்று மறுபடி ஓட்டிப் பார்த்தேன். விதிமுறை சரி. அனுப்பாது என்பது சரி. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. இப்படியான எந்தப் பெட்டியும் கரண்ட் கொடுத்தவுடன் தன்னைத் தானே ஒருமுறை சோதிக்கும். எல்லா விளக்கும் ஒரேயடியாக எரிந்து அணையும். மூன்றாவதும் எரியும். அதன் பிறகுதான் தேடத் தொடங்கும்.

எரியவே எரியாது என்று சொல்லியிருந்தேன்.

வாப்பாவின் இலக்கத்துக்கு அடித்தேன். போகவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். வன்னிப் பக்கம் தொடர்புகள் அடிக்கடி நிற்கும், அது வழமை. வழமை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உம்மாவுக்கும் போகவில்லை. மேலாளர் வந்து சுகமில்லையா என்று கேட்டார். ஓம் என்றேன். வீட்டுக்குப் போகச் சொன்னார். விலாசம் கொடுத்திருந்ததால் வீட்டுக்குப் போகவும் பயம். மேசையிலேயே இருந்தேன்.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம் தாண்டி, உம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் வாப்பாவின் மூச்சு. அழுவதை நான் கேட்கக்கூடாது என்று தொலைபேசியை விலக்கிப் பிடித்திருந்தார்.

"வாப்பா, லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது, மகள். மூண்டும் எரிஞ்சுது. நாலாவது ஒண்டு இரிக்கி, அதும் எரிஞ்சுது."

அதிகாரி எழும்பி நின்றாராம். உன் மகள் பொய் சொன்னாள் என்றாராம். வாப்பா ஒரு நாளுக்கு இரண்டு தடவையாவது அந்தப் பெட்டியைப் போட்டு நிறுத்துகிறவர். எல்லாம் எரிந்து அணையும் என்பதை நூறு தடவை பார்த்தவர். ஆனால் அந்த இடத்தில் வாய் வரவில்லை. "நான் ஏதும் சொன்னா உன்னட்டப் போவாங்களோ எண்டு பயம்," என்றார்.

மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு சிப்பாய்தான் பேசினானாம். "எங்கட வீட்டு சீ.டி. பெட்டியும் போட்டவுடன் இப்படித்தான் சேர், பெருநாள் மாதிரி எரியும், பிறகு அடங்கும்." அதிகாரி மொடெமைக் கழற்றித் தானே மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். மறுபடி எல்லாம் எரிந்தது, அடங்கியது. இரண்டாவது மினுங்கத் தொடங்கியது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மதியச் சாப்பாடு வந்தது, போனது. மூன்றாவது வரவில்லை. பெட்டியை வைத்துக்கொண்டு, வாப்பாவைப் போகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை. நாளைக்குள் ஊரில் இழுத்த வயர் ஒன்றும் இருக்கக்கூடாது.

வாப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாய்ச் சோறும் தின்னவில்லை என்று உம்மா பிறகு சொன்னார். ஏணியை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டிலிருந்து தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு வீடாகப் படம் நின்றது. பெண்கள் வெளியே வந்தார்கள். நடந்ததை அறிந்தவர்கள் திரும்பி உள்ளே போனார்கள். அடுத்த தெருவில் இருக்கும், வாப்பாவை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஸஹீலா மாமிக்கு ஒன்றும் தெரியாது. வேலிக்கு மேலால் கத்தினார்.

"நானா, என்ன வேல பாக்குறீங்க! நாளைக்கு அந்தப் புள்ளைக்குக் கலியாணம். நாளண்டைக்குக் கழட்டுங்களேன்."

நாடகத்தில் வரும் பிள்ளை.

"நாளைக்கு நான் இரிக்கவேணும், ஸஹீலா," என்றார் வாப்பா. மேலே இருந்து ஒரு முழ வயர் விழுந்தது.

ஸஹீலா மாமி அவருடைய முகத்தைப் பார்த்தார். பிறகு படலையைத் திறந்துகொண்டு வந்து, இருட்டும்வரை, ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.