பத்துக்கு ஏழு

ஆறாம் வகுப்பிலேயே நான் வாத்தியார் வேலை பார்த்தேன். சிவப்புப் பேனா கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கு முந்தைய வருடத் தமிழ் டீச்சர் எங்கள் நோட்டுகளை வீட்டுக்குச் சுமந்துபோய் வரி விடாமல் படிப்பார். மார்க் குறைவாகத்தான் விழும். ஆனால் அடியில், எழுதியதைப் பற்றி ஏதாவது கேட்டிருப்பார். புதிதாக வந்த டீச்சருக்கு அதற்கெல்லாம் பொழுதில்லை. நோட்டை மாற்றிக்கொண்டு நாங்களே திருத்த வேண்டும். விலாசத்துக்கு இரண்டு, தேதிக்கு ஒன்று, இந்தி கலந்தால் ஒன்று குறையும் என்று எல்லாம் கரும்பலகையில் இருக்கும்.

அன்று கடிதம் எழுதும் பாடம். "எட்டும் அதுக்கு மேலயும் வாங்குற லெட்டரை நெஜமாவே போஸ்ட் பண்ணிடுவேன்" என்றார் டீச்சர்.

எனக்கு வந்தது சித்தி மகளின் நோட்டு. சித்தி வைத்தியத்துக்காகச் சித்தப்பாவோடு கப்பலேறித் தீவை விட்டுப் போனதிலிருந்து அவள் பத்துபஸ்தியில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று பெரியவர்கள் எங்களிடம் சொல்லவில்லை. குரலைக் கேட்டால் தாயும் மகளும் அழுவார்கள் என்று போனையும் தருவதில்லை.

'அம்மா, மெயின்லேண்ட்' என்று விலாசம் எழுதியிருந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஊர் என்பதுதான் எங்கள் பூகோளம். ஆனாலும் பின்கோடு இல்லாததை விடுவேனா? இரண்டு மார்க்கை அடித்தேன். 'அடுத்த ஜஹாஸில் வந்துவிடு' என்ற வரியில் ஜஹாஸை வட்டமிட்டு, மேலே கப்பல் என்று எழுதி, இன்னொன்றையும் குறைத்தேன். பத்துக்கு ஏழு.

"ஒரே ஒரு மார்க்கு போடேன்டி" என்று கெஞ்சினாள்.

"ரூல்ஸுன்னா ரூல்ஸ்தான்" என்றேன்.

டீச்சர் மார்க்கை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். பழைய டீச்சர் படித்திருந்தால் அன்று சாயங்காலமே விலாசம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் என் மேல்தான். திக்லிபூர் மாமாவுக்கு, சொல்ல ஒன்றுமே இல்லாமல் நான் எழுதிய கடிதம் ஒன்பது வாங்கித் தபாலில் போயிற்று.

மழைக்காலம் முடிவதற்குள் சித்தி இறந்துபோனாள். சித்தப்பா மட்டும் திரும்பி வந்தார்.

அதன்பின் சித்தி மகள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரவில்லை. மார்க் குறைத்த கோபம் என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை அவள் நோட்டு என்னிடம் வந்தபோது, சமாதானமாகட்டும் என்று, ஒரு வரிகூடப் படிக்காமல் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தேன்.