காக்ஸ் டவுனில் ஒரு புகைப்பெட்டி

பெங்களூரில் விறகை அரிசி மாதிரிப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். மேலே ஆப்பிள் மரம், செர்ரி மரம் என்று பெயர் போட்டிருக்கும். உள்ளே விரல்நுனி அளவுக்குச் சிராய்த் துண்டுகள். அடுப்பெரிக்க அல்ல, உணவுக்குப் புகை போட. முதன்முதலாக அப்படி ஒரு பொட்டலத்தைக் கடையில் கையில் எடுத்தபோது, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனேன். தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் மாசி போடும் கொட்டகை இருந்தது. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்துக் கட்டை மாதிரி ஆக்குவார்கள். அந்தப் புகை கொடியில் காயும் என் சட்டையில் ஏறிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வரும். பக்கத்தில் இருப்பவன் கொஞ்சம் தள்ளி உட்காருவான். படிப்பு முடிந்ததும் அந்த வாடை எட்டாத ஊருக்குப் போய்விட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது நிஜம். அப்படி வந்து சேர்ந்த ஊரில், காசு கொடுத்துப் புகை வாங்கலாமா என்று நின்றுகொண்டிருந்தேன்.

இதற்கெல்லாம் காரணம் தோம்பா. அடுகோடியில் இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் நான் தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். அங்கே வரைபடம் போடுகிறவன் தோம்பா, மணிப்பூர்க்காரன். ஒரு நாள் மதியம் அவன் டப்பாவைத் திறந்ததும் இரண்டு பேர் எழுந்து ஜன்னலைத் திறந்தார்கள். நான் மட்டும் அவன் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். மிளகாயோடு மசித்த புகை மீன். ஒரு வாய் தின்றதும் எதுவோ பேச வேண்டும்போல இருந்தது, ஆனால் அதைச் சொல்லும் அளவுக்கு எனக்கு இந்தி வராது. அவனுக்குத் தமிழும் வராது. "அச்சா ஹை" என்றேன். அவன் மீதி மீனை அப்படியே என் தட்டில் தள்ளிவிட்டான். அதன்பிறகு அவன் புதிதாக ஒரு பெரிய புகைப்பெட்டி வாங்கியபோது, பழையதை எனக்கு விற்பதாகச் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார், பிடித்தால் எடுத்துக்கொள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று அவனே ஆட்டோவில் ஏற்றியும் விட்டான்.

சின்ன அலமாரி மாதிரி இருந்தது. அடியில் கரித்தட்டு, அதற்கு மேல் சிராய் போடும் தட்டு, மேலே மீன் அடுக்கும் கம்பி வலைகள். கதவு சரியாக மூடவில்லை. என் மனைவி ரோஸ்லின் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இத எங்க வச்சு எரிக்கப் போறீங்க?"

"மொட்டை மாடியிலதான்."

"கருவாட்டுக்கே ஒரு வீட்ட காலி பண்ணினோம். மறந்து போச்சா?"

மறக்கவில்லை. பெங்களூர் வந்த புதிதில் குடியிருந்த வீட்டில், பக்கத்துப் போர்ஷன்காரர்கள் கருவாட்டு வாடையைப் பற்றி முறையிட, வீட்டுக்காரர் மரியாதையாகப் பேசிப் பேசியே எங்களை வெளியே அனுப்பினார். அதன்பிறகு மாறிய வீட்டில் தண்ணீர் இல்லை. பிறகுதான் இந்தக் காக்ஸ் டவுன் வீடு. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்கார ஜயம்மா. ரோஸ்லின் ஆசிரியையாக இருக்கும் பள்ளி நடக்கிற தூரத்தில். மகள் நிவேதாவுக்கு இது பத்தாம் வகுப்பு. அவள் பரீட்சை முடிகிறவரை இந்த வீட்டில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது ரோஸ்லினின் சட்டம். காக்ஸ் டவுனில் தமிழ் தெரியாத வீட்டுக்காரர் கிடைப்பது அபூர்வம், எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். ஜயம்மா ஹாசன் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் இறந்தபின் தனியாக மருந்துக்கடையை நடத்துகிறார். எனக்குத் தெரிந்ததோ பஸ்ஸிலும் கடையிலும் பேசுகிற கன்னடம். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், வாடகை கொடுக்கும்போது இரண்டு வார்த்தை பேசுவோம். அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை நிவேதா ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனபிறகு மொட்டை மாடியில் கரியைப் பற்றவைத்தேன். சீலா மீனுக்கு உப்பும் மஞ்சளும் தடவி வலையில் அடுக்கினேன். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு கதவிடுக்கில் புகை கசிந்தது. காற்றும் திரும்பியது. ஜயம்மாவின் போர்வைகளும் புடவைகளும் காய்ந்துகொண்டிருந்த பக்கமாகவே புகை முழுவதும் போனது. நான் ஓடிப்போய்த் துணிகளை எடுப்பதற்குள் அவை ஒரு சுற்றுப் புகைந்துவிட்டன. மடித்து எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஜயம்மா வாசலில் கைப்பையோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். துணியை முகர்ந்து பார்த்தார், மாடியை அண்ணாந்து பார்த்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்:

"நாளெ சாயங்கால பன்னி. ஹோகோ விஷய மாத்தாட்பேகு."

என் காதில் அப்படித்தான் விழுந்தது. நாளை சாயங்காலம் வாருங்கள், போகிற விஷயம் பேச வேண்டும். நான் பதில் தேடுவதற்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது. அவர் தங்கை வீட்டுக்குப் போகிறார், மறுநாள்தான் வருவார்.

மேலே வந்து ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "நிவிகிட்ட சொல்லாதீங்க. படிக்கிற புள்ள," என்றாள். மீன் நன்றாக வாடியிருந்தது. நிவேதா இரண்டு துண்டு தின்றுவிட்டு, "சூப்பரா இருக்குப்பா. நீங்க ரெண்டு பேரும் ஏன் சாப்பிடல?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்று இருவரும் ஒரே பொய்யைச் சொன்னோம்.

மறுநாள் மதிய இடைவேளையில் அடுகோடியிலேயே ஒரு வீடு பார்க்கப் போனேன். புரோக்கர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பட்டறைகளுக்கு நடுவே இருந்த வீடு. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர் கைக்கெட்டியது. எங்கேயோ இரும்பு அறுக்கும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. நிவேதாவின் மேசையை எங்கே போடுவது என்று பார்த்தேன். வெளிச்சம் விழுகிற இடமே இல்லை.

"நான்வெஜ்ஜா சார்?" என்றார் புரோக்கர்.

"ஆமாங்க."

"பரவால்ல. ஓனர் கேட்டா மட்டும் முட்டை அப்டின்னு சொல்லிடுங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பினேன். தோம்பாவிடம், பெட்டி வேண்டாம், நாளைக்கே திருப்பித் தருகிறேன் என்று சைகையும் சொல்லுமாகச் சொன்னேன். பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவனே வந்து சரிசெய்து தருவதாகச் சொன்னான். என்னால் விளக்க முடியவில்லை. அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நானும் ரோஸ்லினும் கீழே போனோம். ஜயம்மா காப்பி கொடுத்தார். வெளியேற்றப் போகிறவர் காப்பி கொடுப்பது எனக்குப் புதிதல்ல, அந்தக் கருவாட்டு வீட்டுக்காரரும் கொடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த கன்னடம்: "தப்பாய்த்து மேடம். மகளு டென்த். ஏப்ரில் தனக டைம் கொடி. ஆமேலெ ஹோக்தீவி." பரீட்சை முடியும் வரை விடுங்கள், பிறகு போய்விடுகிறோம்.

ஜயம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "எல்லிகெ ஹோக்தீரா?"

எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது. "அடுகோடி," என்றேன்.

"யாக்கெ?" ஏன் என்று கேட்டார்.

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். நான் ஜயம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை, கலக்கம்தான் இருந்தது. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய், "நிவேதா, ஸ்வல்ப பாம்மா," என்று கூப்பிட்டார். பேனாவும் கையுமாக இறங்கி வந்த என் மகளிடம் ஏதோ வேகமாகச் சொன்னார். நிவேதா கேட்டுக்கொண்டே இருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, ஆன்ட்டி சொன்னது ஹொகெ. ஹோகோது இல்ல. ஹொகென்னா புகைப்பா. புகை விஷயம் பேசணும்னு சொல்லியிருக்காங்க. நம்மள யாரும் போகச் சொல்லல."

நம்முடைய பால் இங்கே ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. இதெல்லாம் எனக்குத் தெரியும். போவது ஹோகோது ஆவதும் தெரியும். அதே வழியில்தான் புகையும் ஹொகெ ஆகியிருக்கிறது என்பது மட்டும் இத்தனை வருஷத்தில் தெரியாமல் போய்விட்டது. ரோஸ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. என் தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன். அவ்வளவு நல்ல காப்பியை அதற்கு முன்போ பின்போ நான் குடித்ததில்லை.

புகை விஷயம் இதுதான். மாடியில் புகைத்தால் துணியெல்லாம் வீணாகிறது. வீட்டின் பின்புறம் பழைய குளியலறை ஒன்று இருக்கிறது. விறகு போட்டு வெந்நீர் காய்ச்சிய அடுப்பும், கூரைக்கு மேலே போகும் புகைபோக்கியும் அப்படியே இருக்கின்றன. கெய்சர் வந்தபிறகு அங்கே துடைப்பம்தான் குடியிருக்கிறது. சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஜயம்மா. அவர் பிறந்த வீட்டில் மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே பன்றிக்கறியைத் தொங்கவிடுவார்களாம். கல்யாணமாகி வந்தபிறகு அதைத் தின்னவே இல்லையாம். "நேத்து ஆட்டோல உக்காந்து தங்கச்சி வீடு வரைக்கும் அந்தப் போர்வை வாசனையதான் நெனச்சிட்டிருந்தாங்களாம்," என்று நிவேதா மொழிபெயர்த்தாள்.

அடுத்த வாரம் ரோஸ்லினும் நானும் அந்த அடுப்பைக் கழுவி, குறுக்கே இரண்டு கம்பிகளைச் செருகினோம். மீனும் கறியும் தொங்கின. புகை ஒழுங்காக மேலே ஏறி எங்கேயோ போனது. தோம்பாவின் பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். நிவேதாவைவிட்டுப் போனில் இந்தியில் எல்லாவற்றையும் அவனுக்கு விளக்கவும் சொன்னேன். அவன் நெடுநேரம் சிரித்துவிட்டு, அப்படியானால் அடுத்த ஞாயிறு தனக்கும் ஒரு கம்பி வேண்டும் என்றான். இப்படியாக, புகைப்பெட்டி வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியை நான் முடிவு செய்யவே இல்லை. அதுவாக முடிந்துபோனது.

போன வாரம் வேலை முடிந்து, மீன் பையோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து அக்கா போன் செய்தாள். நான் ஊருக்குப் போய் நாளாகிவிட்டது.

"எங்கடா இருக்க? ஒரே சத்தமா இருக்கு."

"வீட்டுக்கு வந்துட்டிருக்கேன்க்கா."

அவள் குரல் மாறியது. "சொல்லவே இல்லயே. அப்ப காலையில வந்துருவியா? அண்ணன சைக்கிள எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவா?"

மீன் பையை மடியில் ஏற்றி வைத்துக்கொண்டேன். பிறகு, "இல்லக்கா. இங்க உள்ள வீட்டுக்கு," என்றேன்.

"ஓ," என்றாள் அக்கா. வருத்தப்பட்ட மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. ரோஸ்லினையும் பிள்ளையையும் விசாரித்தாள், பின்தெரு விசேஷங்களைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு உம் கொட்டினேன். கண் மட்டும் என்னையறியாமல் ஜன்னலுக்கு வெளியே ஓடும் கன்னடப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தது, இறங்க வேண்டிய நிறுத்தம் தவறிவிடக்கூடாதே என்று.